குரல் நலமாக உள்ளது

“இனிமே வாயே திறக்கக் கூடாது” என்றார் தொண்டை டாக்டர்.

“சரிங்க டாக்டர்” என்றார் ஏலக்காரர். அது குரலாக வரவில்லை. ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல வந்தது.

“பாத்தீங்களா, திறந்துட்டீங்க.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக் கும்பிட்டார்.

“குரல்நாண் வீங்கியிருக்கு. பத்து நாள் மௌனம். கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது கத்தறதைவிட மோசம். என்ன தொழில்? பாட்டா?”

ஏலக்காரர் இல்லையென்று தலையாட்டினார். காற்றில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். விரல்களால் விலையை ஏற்றினார். கடைசியில் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“ஓ, தச்சு வேலை” என்று எழுதிக்கொண்டார் டாக்டர்.

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுவது அவர் தொழில். விடிவதற்கு முன்னால், லாரிகள் உறுமிக்கொண்டிருக்கும்போதே, கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் ஏறி நின்று “ஒரு தரம்” என்பார். சந்தையின் அந்தக் கோடியில் நிற்கிற வியாபாரியின் கை தானாக உயரும். மைக் பிடித்து ஒரு நாளும் கூவியதில்லை. அதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்.

இப்போது அந்தப் பெட்டியின்மேல் நிற்பது அவர் மனைவியின் தம்பி.

“மாசம் பொறக்கற வரைக்கும் பொறுப்போம்” என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். “குரல் சரியாயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா உங்க மச்சினனே இருந்துட்டுப் போகட்டும். சின்ன வயசு, தொண்டை புதுசு.”

வேலை போய்விடுமே என்பதைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைத் தூங்கவிடவில்லை. தொண்டை புதுசாமே!

இத்தனைக்கும் அவர் தொண்டைக்காக இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவரே இல்லை. காலில் ஒரு நகம் சதைக்குள் வளர்ந்து வலித்தது. தரைத் தளத்தில் ஒரு டாக்டர் அதை நறுக்கென்று எடுத்துவிட்டார். வலி போயிற்று. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பில்லைப் பார்த்தார்.

“பத்து நகம்னு போட்டிருக்கே?” என்றார் பில் கவுண்ட்டரில்.

கவுண்ட்டர் என்றால் தரையிலிருந்து கூரைவரைக்கும் ஒரு தடித்த கண்ணாடி. அடியில் பணம் போகிற அளவுக்கு ஒரு சந்து. அந்தப் பக்கம் ஒரு பெண் காதைத் தொட்டுக் காட்டினாள்.

“ஒரு நகம்தாம்மா எடுத்தாங்க!”

“கால் நகம்னு அடிச்சா செட்டாதான் சார் வரும்” என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு குரல். “தனி நகம் சிஸ்டத்துல இல்லை.”

“மீதி ஒம்பதும் காலிலேயே இருக்கு! வேணும்னா எண்ணிப் பாருங்க!”

“என்ன சார்? சத்தமா சொல்லுங்க.”

அவர் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேராகக் காட்டி, சந்தைக்குரலில் கூவினார். வாழ்நாள் முழுக்க விலையை ஏற்றியே பழகிய குரல் அது. அன்றுதான் முதல்முறையாக இறக்கப் பார்த்தது. ஒன்பதில் ஆரம்பித்து மூன்றுவரை வருவதற்குள் உள்ளே ஏதோ பட்டென்று அறுந்தது. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். காற்றுதான் வந்தது.

அப்படித்தான் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்.

அந்த மாடியின் கூடம் எப்போதும் நிறைந்திருந்தது. ஆனால் நூலகத்தில்கூட அப்படி ஓர் அமைதி இருக்காது. கழுத்தில் துணி சுற்றியவர்கள், வெந்நீர்ப் புட்டியை மடியில் வைத்தவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்க வேண்டும். ஒல்லியான ஆள் மேடைப் பாடகராக இருக்கலாம். தொழிலுக்குத் தொண்டையைக் கொடுத்தவர்கள் என்று எண்ணியதும் அவர்கள்மேல் ஏலக்காரருக்கு ஓர் உறவு வந்தது. யாரிடமும் சொல்லத்தான் முடியவில்லை.

தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தால், பில்லில் ‘பேச்சுப் பயிற்சி’ என்று ஒரு தொகை. பேசாதே என்று சொன்னதற்கு அந்தப் பெயர்.

இந்த முறை அவர் ஏமாறத் தயாராக இல்லை. ஒரு தாளில் விவரமாக எழுதிச் சந்தில் தள்ளினார். அது அப்படியே திரும்பி வந்தது.

“எழுத்துல குடுத்தா அது புகார், சார். புகார் வெள்ளிக்கிழமைதான் வாங்குவோம். வாயால சொன்னா விசாரணை. அதை இப்பவே முடிச்சுடலாம்.”

வெள்ளிக்கிழமை வந்தால் அதற்கொரு டோக்கன் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. சந்தில் வாயை வைத்து, “பேச்சுப் பயிற்சி எனக்கில்லை” என்றார்.

“கேக்கலை சார்.”

இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னார். நாலாம் தரம் மாடியேறினார்.

“நல்லா ஆறிட்டு வந்ததே” என்று டாக்டர் சலித்துக்கொண்டார். “வாயை அடக்க முடியலையா உங்களால? திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

வீட்டில் அந்த மௌன நாட்களில் ஒன்று தெரிந்தது. அவர் பேசாதது யாருக்கும் பெரிய குறையாக இல்லை. கேள்வி கேட்பவர்கள் இருந்தார்கள். பதிலுக்காக நின்றவர்கள் இல்லை. மகள் “அப்பா, சாப்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவாள். இதெல்லாம் முன்பும் இப்படித்தான் இருந்திருக்குமோ, தன் குரல் சத்தத்தில் தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் வழியில்லை.

மச்சினன் தினமும் போன் செய்தான்.

“மாமா, இன்னைக்குத் தக்காளி பிச்சுக்கிட்டுப் போச்சு. எல்லாரும் உங்களைத்தான் விசாரிச்சாங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நானே பேசறேன்.”

அவன் பேசினான். இவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

அடுத்த முறை மனைவியை முன்னால் அனுப்பினார். பில்லில் தப்பு இருந்தால் அவள் கேட்கட்டும். அவள் பரம சாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏதோ கேட்டாள். அந்தப் பக்கத்துப் பெண் ஏதோ சொன்னாள். இவள் சிரித்துத் தலையாட்டினாள். மறுபடி ஏதோ சொன்னாள். மறுபடி தலையாட்டினாள். திரும்பி வந்தபோது கையில் புதிதாக இரண்டு பில் இருந்தன.

“இது என்ன?” என்று புருவத்தால் கேட்டார்.

“ரெண்டு பேருக்கும் முழு உடம்புப் பரிசோதனையாம்.”

அவர் இரண்டு கையையும் விரித்தார்.

“என்னை ஏன் முறைக்கறீங்க? அவ சொன்னது ஒண்ணும் காதுல விழலைங்க. பாவம், சிரிச்ச முகமா கேட்டா. எப்படி வேண்டாம்னு சொல்றது?”

அன்றிலிருந்து ஏலக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். எது கேட்டாலும் கொடுத்துவிடுவது. பில்லைப் படிப்பதே இல்லை. நகையில் ஒன்று வட்டிக்கடைக்குப் போனது. குரல் இருந்தால் மீட்டுக்கொள்ளலாம். குரல் போனால் நகையை யார் கேட்கப்போகிறார்கள்?

மாதத்தின் கடைசி நாள் டாக்டர் அவர் வாயில் விளக்கடித்துப் பார்த்தார்.

“ஆ சொல்லுங்க.”

“ஆ.”

அறையே நிறைந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

“அருமை. சர்ட்டிபிகேட்டைக் கீழே கவுண்ட்டர்ல பிரிண்ட் எடுத்துக்குங்க. நாளையிலிருந்து தொழிலுக்குப் போகலாம். இன்னைக்கு மட்டும் பேசாம இருங்க. இன்னொரு தடவை போச்சுன்னா அப்புறம் என் கையில இல்லை.”

பில்லில் என்ன இருந்ததோ, அப்படியே பணத்தைச் சந்தில் தள்ளினார். சர்ட்டிபிகேட் வெளியே வந்தது. வாசல்வரை போனவர், சும்மா ஒரு தரம் பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்.

‘இவரது இரு காதுகளும் நலமாக உள்ளன.’

இன்னொரு தரம் படித்தார். நாளைக்கு முதல் தேதி. பெட்டியின்மேல் ஏறி நிற்கிற மச்சினன் தெரிந்தான். செயலாளர் இந்தத் தாளைச் சந்தையில் வாய்விட்டுப் படிப்பதும் தெரிந்தது.

திரும்பிப் போய்த் தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். ‘காதுகள்’ என்ற இடத்தை விரலால் குத்தினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“தொண்டை வலியா? மூணாவது மாடி. டோக்கன் போடறேன்.”

இரண்டு கையையும் ஆட்டினார்.

“அவசரமா? அவசரம்னா டபுள் சார்ஜ் சார்.”

எழுதுகோலுக்காகப் பையைத் தடவினார். அவள் விசைப்பலகையைத் தட்டத் தொடங்கியிருந்தாள். தாள் வர ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அது வந்தது, அடிவயிற்றிலிருந்து, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அத்தனையும்.

“காது இல்லம்மா! குரல்! குரல்! குரல்!”

வெளியே வாகன நிறுத்தத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

“ஓ, குரலா! முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லையே சார்.”

புதுத் தாள் வந்தது. ‘இவரது குரல் நலமாக உள்ளது.’ முத்திரையும் பளிச்சென்று விழுந்திருந்தது. ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை.

நன்றி சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மூன்றாவது மாடிக்கு அவருடைய கால்களே வழி கண்டுபிடித்துப் போயின. சர்ட்டிபிகேட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் வெந்நீர்ப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். போன் அடித்தது. மச்சினன். அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டோக்கன் கூப்பிடுகிற பெண் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது. குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

“மனசை விட்டுடாதீங்க சார், நீங்க மட்டுமா? கீழே அந்தக் கண்ணாடியைப் போட்டதுக்கு அப்புறம்தானே இந்த மாடியையே கட்டினாங்க.”