சிறுவாச்சூர் நிபுணர்

ஒரு ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், அந்த ஊரில் பிறந்து வெளியூர் ஹாஸ்டலில் வளர்ந்தவனிடம் மட்டும் கேட்கக் கூடாது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். இந்த உண்மையை நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. நானே அந்த ஆள்தான்.

2004-ம் ஆண்டு. சென்னையில் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதப் பயிற்சிக்காக ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் சேர்த்துவிட்டார்கள். முதல் மூன்று வாரம் நான் மக்களோடு கொண்ட தொடர்பு, பேப்பர் செய்திகளை வெட்டி ஃபைலில் ஒட்டுவதும், ஜெராக்ஸ் மிஷினில் மாட்டிய தாளை உருவுவதும்தான். ஊரில் அப்பாவோ, ‘பையன் மெட்ராஸ்ல பெரிய கம்பெனில இருக்கான்’ என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார்.

நாலாவது வாரம் அதிர்ஷ்டம் அடித்தது. கோயம்புத்தூர் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்று, பெரம்பலூர்ப் பக்கம் விவசாயிகள் முன்னால் தங்கள் புது மோட்டாரை ஓட்டிக்காட்ட விரும்பியது. எங்கள் மேலாளர் சுதா மேடம் மீட்டிங்கில், “அந்தப் பக்கம் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். (இன்றைக்கும் எந்தக் கூட்டத்திலும் நான் கையைத் தூக்குவதில்லை. சாப்பாடு பரிமாறும்போதுகூட.)

“சிறுவாச்சூர் காளி கோயில் வாசல்ல வைக்கலாம் மேடம். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். எங்க ஊர்லேருந்து ஆறே கிலோமீட்டர்.”

“எந்த நாள் வைக்கலாம்?”

சிறு வயதில் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா என்னை அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போவார். போனபோதெல்லாம் கூட்டம் நெரிந்தது. சாதாரண நாளிலேயே இப்படி என்றால் லீவு நாளில்? என் மூளை பளிச்சென்று கணக்குப் போட்டது.

“ஞாயித்துக்கிழமை மேடம். ரெண்டு மடங்கு வரும்.”

மேடம் அசந்துபோனார். “இது நல்லா நடந்தா, படிப்பு முடிஞ்சதும் இங்கேயே வந்துடு” என்றார். அன்று முதல் ஆபீசில் என் பெயர் ‘சிறுவாச்சூர் எக்ஸ்பர்ட்’. நானும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். வேலை கிடைத்துவிட்டது என்று அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு சிறுவாச்சூரில் இறங்கினோம். பந்தல் இருந்தது, மைக் இருந்தது, தொட்டியில் தண்ணீரும் மோட்டாரும் தயாராக இருந்தன. மனிதர்கள்தான் இல்லை. கோயில் கதவு சாத்தியிருந்தது. அங்கே வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், “எப்ப திறப்பாங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கு வாங்க தம்பி. திங்க, வெள்ளி மட்டுந்தான் கோயிலு. மத்த நாள்ல அம்மன் மலைக்குப் போயிடுவா. வெளியூரா நீங்க?”

பின்னாலேயே நின்ற சுதா மேடம் என்னைப் பார்த்தார். “நீ இந்த ஊர்தானே?” என்று மட்டும் கேட்டார். கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் பதினோரு மணிக்கு வந்து விடுவார்.

டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். “அப்பா, என் வேலையே போயிடும்போல இருக்கு. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க” என்றேன். காரணம் எதுவும் கேட்கவில்லை அவர். பத்தரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. முப்பத்து நாலு பேர், அத்தனையும் சொந்தம். என் வேலைக்கான விசேஷம் என்று செய்தி பரவியிருந்ததால் பெரியம்மா பட்டுச்சேலையில் இருந்தார். சித்திகள் இருவரும் பழம், பூ, வெற்றிலையோடு வரிசைத்தட்டு எடுத்து வந்திருந்தார்கள். தட்டுகளைப் பிடுங்கி வேனுக்குள் வைத்துவிட்டு, எல்லோரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்: “யாரும் என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க.”

முதல் அரை மணி நேரம் பிரமாதமாகப் போனது. மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததும் எங்கள் ஆட்கள் திருவிழா நாடகத்துக்குத் தட்டுவதுபோல் கை தட்டினார்கள். ஜெனரல் மேனேஜர் நெகிழ்ந்துபோய், மைக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டுச்சேலையிடம் வந்தார்.

“அம்மா, இந்த நிகழ்ச்சி பத்தி உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? நோட்டீஸ் பாத்தீங்களா, ஆட்டோல சொன்னாங்களா?”

பெரியம்மா வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை அன்று விட்டுத் தொலைத்திருக்கலாம்.

“இந்தா, ஒயரைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறானே எளங்கோ, எந் தங்கச்சி மவன். இவன்தான் வேன் வச்சு வரச்சொன்னான். ஆனா அவனைத் தெரியாத மாதிரி இருக்கச் சொல்லியிருக்கான், அதனால நான் எதுவும் பேசக்கூடாதுங்க.”

மைக் நன்றாக வேலை செய்தது. (அன்று சரியாக வேலை செய்த இரண்டே பொருள்கள் மைக்கும் மோட்டாரும்தான்.) ஜெனரல் மேனேஜர் ஒயரை, என்னை, பிறகு சுதா மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தார். பூமி பிளக்கும் என்று நானும் காத்திருந்தேன். அது மானாவாரி பூமி, இறுகிக் கிடந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து அப்பா எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “மோட்டார் நல்லா இருக்குங்க சார். எனக்கு ஒண்ணு எழுதிக்குங்க” என்றார்.

எங்களுக்கு இருந்த மூன்று ஏக்கரில் கிணறே கிடையாது. வானம் பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. அது முப்பத்து நாலு பேருக்கும் தெரியும். இந்த முறை, சொல்லிவைத்ததுபோல், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பெரியம்மாகூட. எனக்கு வெட்கம் போய் அழுகை வந்துவிட்டது. ஒயரைச் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வேலை கிடைக்கவில்லை. சான்றிதழ் தபாலில் வந்தது. ‘குறுகிய நேரத்தில் மக்களைத் திரட்டும் ஆற்றல் உள்ளவர்’ என்று சுதா மேடம் எழுதியிருந்தார். அதைப் பாராட்டு என்று நினைத்து அப்பா கண்ணாடி போட்டு மாட்டினார். இன்னும் தொங்குகிறது.

மோட்டார் ஒன்றரை வருடம் எங்கள் வீட்டுக்குள் பெட்டியிலேயே இருந்தது. வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து காபி குடித்தார்கள். கடைசியில், சும்மா கிடக்கும் மோட்டாரைப் பார்க்கச் சகிக்காமல் அப்பா கிணறு வெட்டத் தொடங்கினார். வேனில் வந்த அதே சொந்தம்தான் மண் சுமந்தது. தண்ணீரும் வந்தது. இன்றைக்கு எங்கள் வயலில் சின்ன வெங்காயம் விளைகிறது.

கல்யாணமாகி முதல் முறை ஊருக்கு வந்த என் மனைவி, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “எவ்ளோ ஆழம்! யாரு வெட்டினது?” என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றுவதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார்.

“ஒம் புருசன் ஒரு மாசம் வேலைக்குப் போனான்மா. அதுக்கு நாங்க ஒரு வருசம் கெணறு வெட்டினோம்.”