காரவள்ளியில ஆறு கிரயம்

போன மாசம் காரவள்ளியில ஒரு வீடு வாங்கப் போனேன். அவ்வளவுதான் வேலை.

கொல்லிமலை ரோடு கீழ வந்து நேராகுற எடத்துலயே வீடு. வாசல்ல பெரிய புளியமரம். நான் பார்த்தது புதன்கிழமை. ஒரு ஈ காக்கா இல்லை. ராசிபுரத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பதினஞ்சு வருஷம் வாடகைக்குக் கெடந்தவனுக்கு அது சொர்க்கம்ங்க.

என் சம்சாரம் சுமதி மட்டும் ஒரு யோசனை சொன்னா. "ஏனுங்க, பக்கத்து ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க."

"அட போ சுமதி! அவங்களுக்கு என்ன தெரியும்? டேட்டா பார்க்கணும், டேட்டா!"

போன்ல ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஒரு ஏரியாவுல எத்தனை வீடு விக்குதுன்னு எண்ணணுமாம். நிறைய வித்தா மார்க்கெட் தெம்பா இருக்கு, விக்கலைன்னா படுத்துக் கெடக்கு. பத்து நிமிஷ வீடியோ. ரெண்டு தடவை பார்த்ததால நான் நிபுணன்!

நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுறவர்கிட்டப் போனேன்.

"அண்ணா, அந்தப் புளியமரத்துத் தெருவுல நாலு வருஷத்துல எத்தனை கிரயம் ஆச்சுங்க?"

விரல் விட்டு எண்ணுனாரு. "ஆறுங்க. ஆறும் நான் எழுதுனதுதான்."

ஆறு! தெருவுல இருக்குறதே ஒம்பது வீடு!

"விலை எறங்குச்சுங்களா?"

"ஒருக்காகூட எறங்கலீங்க."

"ஆரு வாங்குறாங்க?"

"எல்லாம் வெளியூருதானுங்க. சேலம், கரூர், ஈரோடு..."

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. வேற எவனாவது கொத்திக்கிட்டுப் போயிட்டா?

அன்னைக்கே அட்வான்ஸ். சேமிப்பு மொத்தமும் போச்சு, சுமதி வளையலும் அடமானத்துக்குப் போச்சு. வித்தவரு ஈரோட்டுக்காரரு. அவர் கேட்டதுக்கு மேல பத்தாயிரம் போட்டுக் குடுத்தேன். மனுஷன் என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கண் கலங்கிட்டாரு. வீட்டைப் பிரியுற வருத்தம்னு நெனச்சேன். மூலப்பத்திரக் கட்டு நல்ல கனம். பிரிச்சுப் பார்க்கலை. பெருமையாத் தூக்கிட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சப் போனோம்.

பால் பொங்குற நேரம், புளியமரத்தடியில ஒரு டூரிஸ்ட் வேன் நின்னுச்சு. கதவு தெறந்துச்சு. பன்னெண்டு பேரு ஓடி வந்து எங்க வாசல்ல வரிசையாக் குனிஞ்சாங்க!

எழுபது கொண்டை ஊசி வளைவுங்க! அத்தனை வளைவுலயும் அடக்கிட்டு வந்தவங்களுக்குக் கீழ கெடைக்குற மொத நெழல் எங்க வாசல்.

பின்னாடியே இன்னொரு வேன். அதுக்குப் பின்னாடி ஒரு பஸ்!

ஒரு பெரியவரு வாயைத் தொடைச்சுக்கிட்டே, "சாமி, கொஞ்சம் தண்ணி குடு"ன்னாரு. சுமதி பால் சொம்பை எறக்கி வெச்சுட்டு பக்கெட்டைத் தூக்குனா.

புதன்கிழமை பூட்டிக் கெடந்த பக்கத்து வீட்டுல இப்ப எலுமிச்சம்பழக் கடை! கடைக்கார அக்கா சிரிச்சாங்க.

"வாங்க தம்பி. ஏழாவது ஆளுங்களா?"

"என்னங்க ஏழாவது?"

"இந்த ஊட்டுக்குங்க. தெருவுல வேற ஆரு ஊட்டை விக்கிறாங்க? எங்களுக்கெல்லாம் இந்த வாந்திதான் சோறு போடுது."

உள்ள ஓடிப்போயி பத்திரக் கட்டைப் பிரிச்சேன். ஆறு பத்திரம். ஆறுலயும் ஒரே கதவு நம்பர்.

வெளிய கழுவி விட்டுக்கிட்டே சுமதி கேட்டா, "டேட்டா என்னங்க சொல்லுது?"

அவளைப் பார்க்கவே வெக்கமா இருந்துச்சு.

நேத்து, வீடு விக்கிறேன்னு நான் குடுத்த விளம்பரத்தைப் பார்த்துட்டு திருப்பூர்ல இருந்து ஒருத்தரு போன் பண்ணாரு. "அங்க மார்க்கெட் எப்படிங்க?"

"ஏழு கிரயம் ஆயிருக்குங்க. ஒருக்காகூட விலை எறங்கலை."

"அப்படிங்களா! எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. வந்து பார்க்கட்டுங்களா?"

லீவு போட்டுட்டு புதன்கிழமை வாங்க, நாள் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேன்.