பத்து நிமிஷம் மெதுவாக ஓடும் கடிகாரம்

அன்புள்ள மகள் டீச்சரம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம்; முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனியாகப் பேசிக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் எதைச் சொன்னாலும் நீ உடனே ஒரு பார்சல் அனுப்பிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதாசி.

பழைய கடிகாரம் பத்து நிமிஷம் மெதுவாக ஓடுகிறது, அதனால்தான் போன லீவில் உன் பஸ் போய்விட்டது என்று நீயே கண்டுபிடித்து, புதுசு ஒன்று அனுப்பினாய். சரி என்று ரெண்டையும் எதிரெதிர்ச் சுவத்துல மாட்டினேன். டிக்கு டிக்குன்னு ஒண்ணுக்கொண்ணு வாயாடுது, நடுவுல நான். மத்தியானம் கண்ணசர முடியலன்னு சொன்னேன், காதுல வைக்கிற பஞ்சு அனுப்பினே. அதை வச்சிக்கிட்டு உக்காந்திருந்ததுல அடுத்த பார்சல்காரன் மணி அடிச்சது கேக்கல, கீழ்வீட்டு டைலர்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். தனியா டீ குடிக்கப் பிடிக்கலன்னு நான் சொன்னதுக்கு நீ அனுப்பின கப்புதான் அது. டைலர் பிரிச்சே பாத்துட்டாரு.

"என்ன பெரியவரே, ஒத்தை ஆளுக்கு ஆறு கப்பா?"

"மிச்ச அஞ்சு பேரும் அடுத்த பார்சல்ல வராங்க"ன்னேன். சிரிச்சாரு. நானும் சிரிச்சு வச்சேன்.

விடையை விடுங்க, முதல்ல கேள்வி எதுன்னு தேடுங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறியாமே. இந்த லீவுல அதைப் பத்திப் பெரிய கூட்டத்துல பேசப் போறியாம், வர முடியாதாம். நான் அஞ்சாங்கிளாசு. ஆனா நாப்பது வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் பாத்தவன். நூல் அறுந்து அறுந்து போகுதுன்னு தூக்கிட்டு வருவாங்க. நூலை மாத்திக் குடுத்தா மறுநாளும் அறும். ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பாங்க. அதை யாரும் வாயால சொல்லமாட்டாங்க, நாமதான் குனிஞ்சு பாக்கணும். வேணும்னா இதையும் கூட்டத்துல சொல்லிக்கோ.

எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ வர வேணாம். நல்லாப் பேசு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. ரெண்டு பேரும் நூறு வயசு இருங்க, கூடவே ஒரு நாள் லீவும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆறு கப்புக்குச் சொந்தக்காரன்,
உன் அப்பா.

பின்குறிப்பு: பழைய கடிகாரம் ஒழுங்காத்தான் ஓடுது. போன லீவுல நீ குளிக்கப் போனப்ப ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைப் பத்து நிமிஷம் பின்னால தள்ளினது நான்தான். உன் போனைத் தலகாணி உறைக்குள்ள போட்டதும் நான்தான். பஸ் போச்சு, ஒரு நாள் சேத்து இருந்தே. இப்ப புதுசையும் தள்ளி வச்சிருக்கேன். இருபது நிமிஷம்.