படுத்துப் பார்த்த டெம்பரவரி சார்

டெம்பரவரி சாரைப் போல ஒரு மனிதர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் அவரை வேலைக்கு எடுக்கும் பாவத்தை நான் செய்யமாட்டேன். போன வருடம் செய்தேன்.

நான் வேலை பார்ப்பது புதுக்கோட்டையில் உள்ள ஓர் அறக்கட்டளையில். திருமயம் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்து, இப்போது சென்னையில் தொழில் செய்யும் சில குடும்பங்கள் அதை நடத்துகின்றன. கவனிக்க ஆளில்லாமல் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு நல்ல காப்பகமாகத் தேடி, ஒப்பந்தம் போட்டு, செலவை ஏற்பதுதான் எங்கள் வேலை. எங்கள் மேனேஜர் திடீரென்று துபாய்க்குப் போய்விட்டார். புது மேனேஜர் வந்து சேர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஓட்டுவதற்கு ஓர் ஆளைப் பிடிக்கும்படி செயலாளர் சென்னையிலிருந்து சொன்னார். ஒன்றரை வயது மகளை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த என் தலையில் இதுவும் விழுந்தது.

நேர்முகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் கார் கொடுப்பீர்களா என்றார். இரண்டாமவர், “இருக்க இருக்க அப்படியே பெர்மனென்ட் பண்ணிருவீங்கள்ல?” என்றார். மூன்றாமவர் சுகாதாரத் துறையில் ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் யாராவது நீண்ட விடுப்பில் போனால் அந்த இடத்துக்குப் பொறுப்பு அதிகாரியாகப் போய் உட்கார்ந்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நான் எப்பம்மா கெளம்பணும்?”

பற்றற்ற மனிதர் என்று எடுத்துவிட்டேன்.

முதல் நாளே கையில் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். மேனேஜர் நாற்காலியைக் காட்டினேன். தொடக்கூட மாட்டேன் என்றார்.

“அது வரப்போறவரோடது. நான் ஒக்காந்தா என் ஒடம்புக்குத் தக்கன அமுங்கிரும். பெறகு அவருக்கு முதுகு வலிக்கும்.”

மேசைக்கு இந்தப் பக்கம், வந்தவர்கள் உட்காரும் இடத்தில் தன் நாற்காலியை விரித்தார். வருகிறவர்கள் எல்லாம் காலியாக இருந்த மேனேஜர் நாற்காலிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இவரிடம், “சார் எப்ப வருவார்?” என்று கேட்டார்கள். “மூணு மாசத்துல வந்துருவாருங்க, ஒக்காருங்க” என்பார் இவர்.

ஆணி அடிக்க விடமாட்டார். காலண்டர் தரையில் சாய்ந்து நின்றது. தண்ணீர் ஃபில்டர் கெட்டுப்போனது. புதிது வாங்கலாமா சார் என்றேன்.

“எத்தன வருசம் ஒழைக்கும்?”

“அஞ்சு வருஷம் சார்.”

“அப்ப வரப்போறவர்தான் முடிவு பண்ணணும். மூணு மாசம் ஒழைக்கிறதா இருந்தா சொல்லு.”

அப்படி ஒரு ஃபில்டர் ஆலங்குடியில் இல்லை, புதுக்கோட்டையிலும் இல்லை. நான் வீட்டிலிருந்து மகளுக்கு ஒரு பாட்டில், எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று சுமந்தேன். செயலாளர் போனில் பேசும்போதெல்லாம், “நீங்க எடுத்த ஆளுதானே?” என்பார். எடுத்தது தப்போ, கண்டித்துச் சொல்ல வேண்டுமோ, வயதில் பெரியவரை எப்படிச் சொல்வது என்று குழம்பியே மூன்றாவது மாதம் வந்துவிட்டது.

அப்போதுதான் நிஜமான சிக்கல். ஆலங்குடியில் எங்கள் முதியவர்களை வைத்திருந்த காப்பகம், மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்று சொல்லிவிட்டது. அத்தனை பேரும் படுத்த படுக்கை. அதற்குள் வேறிடம் முடிவாகாவிட்டால் அவர்கள் போக இடமில்லை. இரண்டு காப்பகங்கள் முன்வந்தன. ஒன்று நகரத்தில், பளிங்குத் தரையோடு. இன்னொன்று திருவரங்குளத்தில், ஓட்டு வீடு. பளிங்குத் தரையை முடித்துவிடுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

ஃபில்டருக்கே முடிவெடுக்காதவர் இதற்கா எடுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே இரண்டு காப்பகங்களின் தாள்களையும் அவர் முன் வைத்தேன். சாரோ நிதானமாக, “படுத்துப் பாக்காம எப்படிம்மா?” என்றார்.

“எதுல சார்?”

“கட்டில்லதான். நீ என் மகள்னு சொல்லி என்னய ஒரு பகலுக்குச் சேத்து விடு. பேத்தியையும் தூக்கிட்டு வா. பாத்தா நம்புவாக.”

நம்பினார்கள். பளிங்குத் தரைக் காப்பகத்தில் காலையில் படுக்கவைத்தேன். மகளை வைத்துக்கொண்டு வரவேற்பறையில் காத்திருந்தேன். அவள் அங்கிருந்த மீன்தொட்டிக்குள் தன் செருப்பைப் போட்டாள். மதியம் உள்ளே போனால், சார் காலையில் வைத்த அதே கோலத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெல்லு இருக்கும்மா. அமுக்கி அமுக்கி வெரலு வலிக்குது. கீழ குனிஞ்சு பாத்தேன், ஒயரே இல்ல.”

மறுநாள் திருவரங்குளம். அங்கே மணியே கிடையாது. கட்டிலுக்குக் கட்டில் ஓர் எவர்சில்வர் தம்ளர். கம்பியில் தட்டினால் ஆயா ஓடிவருகிறார். சார் சோதிக்கிறேன் என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஒங்கப்பா என்ன கச்சேரியா வைக்கிறாரு?” என்று ஆயா என்னிடம் சண்டைக்கு வந்தார். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் வந்தார். கஞ்சி ஊட்டி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துவிட்டுப் போனார். சார் குறட்டைவிட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் போன் செய்தார். சொல்லாமல் கொள்ளாமல் புதுக்கோட்டைக்கே வந்துவிட்டாராம்.

“ஆபீஸ் பூட்டியிருக்கு. மேனேஜர் எங்கம்மா?”

“அட்மிட் ஆகியிருக்கார் சார்.”

“ஐயையோ, ஒடம்புக்கு என்ன?”

“ஒடம்பு நல்லாத்தான் சார் இருக்கு.”

“அப்பறம் ஏம்மா அட்மிட் ஆனாரு?”

“தூங்குறார் சார்.”

என் வேலை அன்றோடு போயிற்று என்று நினைத்தேன். இடத்தைக் கேட்டுக்கொண்டு செயலாளர் நேரே திருவரங்குளத்துக்கே வந்து நின்றார். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “இங்கதாங்க. மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன்” என்றார்.

“மூணு மாச ஆளு மூணு வருஷத்துக்கா?” என்று செயலாளர் வெடித்தார். எனக்கும் தாங்கவில்லை. “ஒரு ஃபில்டர் வாங்க மாட்டேன்னீங்களே சார்!” என்று கத்தியேவிட்டேன். மகள் பயந்து அழுதாள்.

சார் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாம நடக்குற ஆளுக. இங்கிட்டு இல்லன்னா அங்கிட்டுப் போயி தண்ணி குடிச்சுக்குவோம். இவுக படுத்திருக்காகம்மா. வரப்போறவர் வர்ற வரைக்கும் எங்கிட்டுப் போவாக?”

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். ஒரு மூலையில் தம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. ஆயா எங்கள் மூவரையும் இடித்துக்கொண்டு ஓடினார். “சரி, போடுங்க” என்றார் செயலாளர்.

புது மேனேஜர் சேர்ந்த அன்று காலையில் சார் நாற்காலியை மடக்கினார். ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். “ஃபில்டர் வாங்கச் சொல்லு அவர” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

போன வாரம் மகளைச் சேர்க்க ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். சுவர் முழுக்க மிக்கி படங்கள், பேச்செல்லாம் தேன். “விட்டுட்டுப் போங்க மேடம், நாங்க பாத்துக்கிறோம்” என்றார்கள். நான் போகவில்லை. பாயில் மகளுக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். காற்று வந்தது. அவள் லேசாகச் சிணுங்கியதும் யாரோ ஓடிவந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியும் அதில் அவரும் இருந்திருந்தால், நிம்மதியாக எழுந்து வேலைக்குப் போயிருப்பேன்.