தட்டிப் பார்த்த கிடாரம்

வாங்குகிறவர் என்று ஒருவர் உண்டு, விற்கிறவர் என்று ஒருவர் உண்டு, கடைத்தெரு இந்த இருவரால்தான் நடக்கிறது என்று நீங்கள் நினைத்திருந்தால், ஐயா, நீங்கள் கடைத்தெருவைச் சரியாகப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தில் வாங்கப்போகிறவரின் களையும் மடியில் அவிழாத முடிச்சுமாக ஒருவர் நிற்பார். அவர்தான் விலை விசாரிப்பவர். வெற்றிலைக்காரியிடம் விலை கேட்டு, திரும்பக் கேட்டு, ஒரு தளிரைக் கிள்ளி வாயிலும் போட்டுக்கொண்டு, "சரி, வாறேன்" என்பார். அந்தச் சொல்லை நம்பி அவள் ஒதுக்கி வைத்த வெற்றிலை சருகாகும். அவர் வரமாட்டார். அடுத்த சந்தையில் இன்னொருத்தியிடம் விசாரித்துக்கொண்டிருப்பார்.

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் இந்த இனத்துக்குத் தலைமகன் செங்கல் சொக்கநாத பிள்ளை. பொன்னுதம்புரான் என்று நாங்கள் சொல்லும் திருவிதாங்கூர் மகாராஜாவின் சர்க்காரில் ஏதோ ஒரு கச்சேரியில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒரு மைக்கூடு வாங்குவதானாலும் மூன்று பேரிடம் மதிப்புக் கேட்க வேண்டும் என்று அங்கே சட்டமாம். வேலையை விட்டு வரும்போது பேனாவைத் திருப்பிக் கொடுத்தார், நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார், சட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணசுந்தரிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று ஜாதகம் சேரட்டும் என்று காத்திருந்தார். மூன்றாவது வந்து சேர்வதற்குள் முதல் ஜாதகக்காரருக்கு வேறிடத்தில் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் வீட்டுக் குளிப்புரையில் வெந்நீர்க் கிடாரம் ஒழுகத் தொடங்கினால் என்ன ஆகும்?

மண்ணடுப்பின் மேல் பதித்த செம்புக் கிடாரம் அது. பிள்ளையின் தகப்பனார் வாங்கிப் போட்டது. ஓர் ஆள் உள்ளே சம்மணம் போட்டு உட்காரலாம், அத்தனை பெரிது. அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, சொட்டுகிற தண்ணீர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். கல்யாணசுந்தரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெற்றவளைப் பச்சிலை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரில் நாள்தோறும் குளிப்பாட்டி எடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதில் ஒரு நாள் குறை வந்தாலும் பெண்ணின் உடம்புக்கு ஆகாது. உடம்பு தேறினாலும் சம்பந்தி வீட்டார் வாய் தேறாது.

"கேட்டியளா, மொவளுக்கு மாசம் நெருங்கியாச்சு. வேற கிடாரம் ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றாள் அவர் மனைவி உமையம்மாள்.

"வாங்காம பின்னே? எனக்க மொவளுக்கில்லியா? விசாரிச்சு வாங்கணுமாக்கும்."

'விசாரிச்சு' என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்த அம்மாள் அடுக்களைக்குப் போய் இருக்கிற மண்பானைகளை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்தாள். வாழ்ந்து பார்த்தவள் அல்லவா?

செம்புப் பாத்திரத்துக்கு எடைக்குத்தான் விலை. பழையதைக் கொடுத்தால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே வியாபாரி வீடு தேடி வந்து பழையதைப் பார்க்க வேண்டும். செம்பைக் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? தட்டித்தான் பார்க்க வேண்டும். முதலில் வந்தவர் நெய்யாற்றின்கரைப் பொன்னப்பன். விரலை மடக்கித் தட்டினார். ணங் என்றது.

"செம்பு கொள்ளாம், பிள்ளே. பக்ஷே அடி போயி" என்று, செம்பு நல்லது, அடிதான் போய்விட்டது என்ற கணக்கில் ஒரு விலை சொன்னார். ஊசிமுனை ஓட்டை உளுந்தளவு ஆகியிருந்தது.

"ஆலோசிக்கலாம். வாறேன்" என்றார் பிள்ளை.

அடுத்தவர் பனச்சமூட்டு வேதமாணிக்கம். அவர் எதையும் நம்பாத மனிதர். விரலால் தட்டியதை ஒரு தட்டாகவே ஒப்புக்கொள்ளாமல், கையோடு கொண்டுவந்த எடைக்கல்லால் தட்டினார். டங் என்றது. உளுந்து புளியங்கொட்டை ஆயிற்று. அவர் சொன்ன விலையைப் பிள்ளை பொன்னப்பனிடம் கொண்டுபோனார். "எங்கில் ஒண்ணுகூட நோக்கணும்" என்று, இன்னொரு தரம் பார்ப்பதற்காகப் பொன்னப்பன் திரும்ப வந்து தட்டினார். அது வேதமாணிக்கத்தின் காதுக்குப் போயிற்று. அவரும் வந்து தட்டினார். ஓட்டை பெருகப் பெருகப் பழைய கிடாரத்தின் மதிப்பு இறங்கியது, மதிப்பு இறங்க இறங்க 'இந்த வியாபாரிகள் தமக்குள்ளே பேசி வைத்திருக்கிறார்கள்' என்ற சந்தேகம் பிள்ளைக்கு ஏறியது, சந்தேகம் ஏற ஏற அவர் இன்னொரு வியாபாரியை அழைத்தார், அவரும் வந்தார், வந்தவர் சும்மா இருப்பாரா? தட்டினார்.

உமையம்மாள் முதலில் சோற்றையும் சுண்ணாம்பையும் குழைத்து அடைத்தாள். பிறகு வெல்லமும் சுண்ணாம்பும். பிறகு தேங்காய் நாரைத் திணித்து மேலே பூசினாள். கரியையாவது சுரண்டிவிட்டுப் பூசலாம் என்று அகப்பையை எடுத்தபோது பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"சொரண்டாதே! கரியும் எடையாக்கும்!"

அண்டை வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான் ஒருநாள் கேட்டேன். "பிள்ளைவாள், இதுவரை வண்டிக்காரனுக்குக் கூலியாகக் கொடுத்த வண்டிச்சத்தத்தில் ஒரு கிடாரமே வாங்கியிருக்கலாமே?"

கணக்குத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "வண்டிச்சத்தம் வேற, கிடாரம் வேற. ரெண்டையும் ஒண்ணாக்காதீரும்."

கடைசியாகத் திருப்புறத்துப் பரமசிவனுக்குச் சொல்லி அனுப்பினார். குறித்த நாளில் பரமசிவன் வண்டியோடு வந்துவிட்டார். பிள்ளையைக் காணோம். எங்கே போயிருந்தார் தெரியுமா? பரமசிவன் நாணயமானவர்தானா என்று விசாரிக்க விடியற்காலையிலேயே பனச்சமூட்டுக்குப் போயிருந்தார்.

அன்று காலையில்தான் கல்யாணசுந்தரிக்கு வலி கண்டது. மருத்துவச்சி சுகிர்தபாய் உள்ளே இருந்தாள். கிடாரத்தில் தண்ணீர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. பரமசிவன் நேரே குளிப்புரைக்குப் போனார். தொழில் பழக்கம், கை தானாக உயர்ந்தது.

"தட்டாதேயும்!" என்று அடுக்களையிலிருந்து உமையம்மாள் அலறினாள்.

டப்.

நாரும் வெல்லமும் சுண்ணாம்பும் பிள்ளை காப்பாற்றி வைத்த கரியும் ஒன்றாகக் கழன்று விழுந்தன. தண்ணீர் முழுவதும் அடுப்பில் இறங்கியது. பரமசிவன் புகைக்குள் நின்று, "நல்ல அடுப்பாக்கும்" என்றார். வேறு என்ன சொல்வார் பாவம்!

"வெந்நீர் எங்க? சட்டுன்னு வேணும்!" சுகிர்தபாய் வாசலில் வந்து நின்றாள். உள்ளே மகள் "அம்மா" என்று கூப்பிட்ட கூப்பாடு என் வீடு வரைக்கும் கேட்டது. உமையம்மாள் அந்த ஓட்டைக் கிடாரத்தைப் பார்த்து, "ஒத்த மொவ. அவளுக்கு ஒரு செம்பு வெந்நீருக்கு வழி இல்லியே" என்று அழுதாள். அழுதபடியே கழுவி வைத்த மண்பானைகளைக் கல்லடுப்புகளில் ஏற்றினாள். சுகிர்தபாய்க்கு அப்போதைக்கு அது போதும். நாளையிலிருந்து குளிப்புக்கு? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் வண்டியைப் பார்த்தாள்.

"அதுல இருக்கது என்ன?"

"புதுக் கிடாரம், அம்மா. ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டு போறதாக்கும்."

"இறக்கும்."

"விலை பேசல்லியே?"

"பேசாம இறக்கும்!"

இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு வார்த்தையைப் பரமசிவன் கேட்டதில்லை. மயங்கி விழாமல் இறக்கி வைத்தாரே, அதுவே பெரிய காரியம்.

பொழுது சாயும்போது பிள்ளை படியேறினார். "உமையா! பரமசிவன் நாணயக்காரனாக்கும்! மூணு பேரு சொல்லியாச்சு!"

உள்ளே குழந்தை அழுதது.

"பொம்பிளப் பிள்ளையாக்கும். தாயும் பிள்ளையும் சொகம்" என்றாள் சுகிர்தபாய்.

பிள்ளை கல்நெஞ்சக்காரர் அல்ல. கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் துண்டை எடுத்தவர், குளிப்புரையிலிருந்து ஆவி வருவதைக் கண்டார். எட்டிப் பார்த்தார். மண்ணடுப்பின் மேல் புதுக் கிடாரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"உமையா... என்ன விலை?"

"சொல்ல மாட்டேன்."

"பரமசிவனிட்ட கேப்பேன்."

"சொல்லப்படாதுண்ணு அவருட்ட சத்தியம் வாங்கியாச்சு. உள்ள வந்து பேத்தியப் பாருங்க."

பேத்தியைப் பார்த்தார். கையில் வாங்கிக் கொஞ்சினார். ஆனால் அன்று போன தூக்கம் அவருக்குத் திரும்பி வரவில்லை. அம்மாள் அதிகம் கொடுத்துவிட்டாளா? குறைவாகக் கொடுத்திருந்தால் அது இன்னும் மோசமல்லவா, இத்தனை நாள் விசாரித்த மானம் என்னாவது? ஆகவே, நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பொன்னப்பனையும், பனச்சமூட்டுக்குப் போய் வேதமாணிக்கத்தையும் அழைத்துவந்து, புதுக் கிடாரத்தின் முன்னால் நிறுத்தி, "இது என்ன விலை பெறும்?" என்று கேட்டார்.

கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? பொன்னப்பன் விரலை மடக்கினார். வேதமாணிக்கம் எடைக்கல்லை எடுத்தார். போன வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது உமையம்மாள் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சந்தையில் ஒரு குடை வாங்கி, பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் அடுத்த கடையில் ஏறி, "இதே குடை உம்மிடம் என்ன விலை?" என்று ஒருவர் கேட்டதை நான் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் குறைத்துச் சொன்னதைக் கேட்டு அவர் முகம் போன போக்கையும் பார்த்தேன். அவர் யார் என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். இப்போது இதைப் படித்து முடித்தவுடன் புத்தகத்தைத் திருப்பி அட்டையில் விலை என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பீர்கள், இரவல் வாங்கிய புத்தகமானாலும் பார்ப்பீர்கள். தாராளமாகப் பாருங்கள். தட்டி மட்டும் பார்க்காதீர்கள்.