கேட்டுக்குக் குறுக்கே மொபெட்

மரக்காணம்
18-5-2006, வியாழன்

கிளியனூர் அக்கா தையல்நாயகிக்கும் மாமாவுக்கும் தம்பி ராஜாங்கம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் செல்லம்மாளும் வெயிலைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். அங்கே மாமாவின் முழங்கால், உன் சர்க்கரை, புதிதாக வாங்கிய கறவை மாடு ஆகிய மூவரின் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை மாமா எடுத்தால், காது மந்தம் என்பதால் நான் சொல்வதை வரிக்கு வரி திருப்பிச் சொல்லி, "அப்படியா சொன்ன?" என்று கேட்பார். கிளியனூர் பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் வரைக்கும் விஷயம் போய்விடும். இது அப்படிப் போகக்கூடாத விஷயம். அதனால்தான் கடிதம்.

போன வாரம் புதன்கிழமை பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் வீடு வீடாக ஒரு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார்கள். சபை என்றால் கோபுரம் எல்லாம் கிடையாது. ஈ.சி.ஆர். ரோட்டுக்கு மேற்கே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒரு இரும்பு கேட், ஒரு மைக் செட், நாற்பது பேர், நாற்பது பேரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். நெல் விளைகிற ஊரில் முதல் நெல்லைக் கோயிலுக்குக் கொண்டுபோவதுபோல இவர்கள் வருஷத்து முதல் உப்பைக் கூடையில் கொண்டுபோய் வைத்து ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். போன வருஷம் சுனாமிச் சேறு பாத்தியெல்லாம் மூடிக் கிடந்தது, ஒருத்தரும் உப்பு எடுக்கவில்லை, பண்டிகையும் இல்லை. இந்த வருஷம் வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் அந்த நோட்டீசில் ஜெபம், பாட்டு, பிரசங்கம் என்று போட்டு நாலாவதாக என்ன அச்சடித்திருந்தது தெரியுமா? "உப்பளம் திரு. ராஜாங்கம் அவர்களுக்குச் சபையார் நன்றி செலுத்துதல்." அஞ்சாவது சாப்பாடு.

எதற்கு நன்றி என்று போடவில்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஐம்பத்தேழு வயது வரை எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நம் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. அம்மா நமக்குப் போட்ட சோற்றுக்கு நாம் சொன்னோமா? உன் கல்யாணத்தில் மூன்று நாள் விறகடுப்பில் கிடந்து நான் பாயசம் கிண்டியதற்கு நீ சொன்னாயா? அடி பிடித்துவிட்டது என்றுதான் சொன்னாய். அப்படியிருக்க சொந்தபந்தம் எதுவும் இல்லாத நாற்பது பேர் அச்சடித்து நன்றி சொல்கிறார்கள் என்றால் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிய வேண்டாமா? போன வருஷம் கொட்டகை மேல் போட ஒரு கிழிந்த தார்ப்பாய் கொடுத்தேன். அதற்கா? கிழிசலுக்குத் திட்டத்தான் வேண்டும்.

சபையில் மண்ணாங்கட்டி என்று ஒருவன் இருக்கிறான், எனக்குத் தண்ணி டேங்கர் ஓட்டுகிறவன், அங்கே அவன் டீக்கனாம், அதாவது பாஸ்டருக்கு அடுத்த ஆள். அவனைப் பிடித்துக் கேட்டேன். "காரணத்த பாஸ்டர்தான் சொல்லணும், மொதலாளி. ஆனா ஓட்டு எடுத்தாச்சு. நாப்பது கையும் தூக்கியாச்சு" என்றான். அங்கே எல்லாவற்றுக்கும் கை தூக்குவார்களாம், ஃபேன் வாங்குவதற்குக்கூட. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவர்கள் கூட்டம் போடும்போது வேலியோரம் மொபெட்டை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கிற மாதிரி நின்று கேட்டேன். ஒவ்வொருத்தராக எழுந்து நன்றி சொல்கிறார்கள். ஒருத்தி பஸ் சீக்கிரம் வந்ததற்கு நன்றி சொல்கிறாள். அடுத்தவர் பஸ் வராததற்கு நன்றி சொல்கிறார். வந்திருந்தால் ஏறிப் போய் மச்சானை அடித்திருப்பாராம். இப்படி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற கணக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் நின்றேன், பிளக் பளபளவென்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பாஸ்டரே வீட்டுக்கு வந்தார். பெயர் கொளஞ்சி மோசஸ். முன்பாதி அவர் அப்பா வைத்தது, பின்பாதி அவரே வைத்துக்கொண்டது. காபியைக் குடித்துவிட்டு, "ஐயா, ஒரு ஒத்தாசை. உங்க உப்பளத்துப் பெரிய தொட்டியில ஒரு ஞானஸ்நானம் குடுக்கணும்" என்றார். இவர்களுக்குத் தலையில் தண்ணீர் தெளித்தால் ஆகாது, ஆள் உச்சிமுடி வரை முழுகி எழ வேண்டும். முன்னெல்லாம் கடலில் முக்குவார்கள். "இப்போ கடல்னா சனங்க காலு நனைக்கவே பயப்படுது. ஏரி வத்திப் போச்சு. கெணத்துல படி இல்ல. உங்க தொட்டிதான் இடுப்பளவு நிக்குது" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "நம்ம பாப்பாத்திக்கு" என்றார்.

அக்கா, இந்தப் பெயரைப் படித்ததும் நீ நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். "பாப்பாத்தியைக் கூப்பிடுடா" என்று ஒன்றரை வருஷமாக நீ சொல்கிறாய், நானும் முடியாது என்கிறேன். அவள் இருந்தவரை என் உப்பளத்தில் தண்ணீரின் உப்பை அளக்கிற டிகிரிக் கண்ணாடிக்கே வேலை இல்லை. தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவாள், "இன்னும் ரெண்டு நாள் வுடுங்க மொதலாளி" என்றால் ரெண்டு நாள்தான். அவள் போன பிறகு நான் மூன்று கண்ணாடி உடைத்தாயிற்று. அவளோ பக்கத்து உப்பளத்தில் தனகோடியிடம் வேலை செய்கிறாள், அவனும் தினம் என் காதுபடப் பாப்பாத்தியைப் புகழ்கிறான். என் வாயால் போ என்றேன், அதே வாயால் வா என்று சொல்ல மாட்டேன். இதில் மாற்றமில்லை, நீ இன்னொரு தரம் எழுத வேண்டாம்.

ஆனாலும் தொட்டியைத் தருகிறேன் என்றேன். தந்தால் நன்றிக்குக் காரணம் சொல்லுவார் என்ற நப்பாசைதான். கரையேறியதும் குளிக்க அரை டேங்கர் நல்ல தண்ணீரும் என் செலவில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையே வந்து கரையில் நின்று பாடியது. பாப்பாத்தி வெள்ளைப் புடவையில் இறங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் டிகிரிக் கண்ணாடியைப் பார்த்தேன். பாஸ்டர் ஜெபம் பண்ணி, அவள் முதுகில் ஒரு கையும் நெற்றியில் ஒரு கையும் வைத்துப் பின்பக்கமாகச் சாய்த்தார். முங்கவில்லை, அக்கா. இருபத்துநாலு டிகிரித் தண்ணீர், உப்பாக உறையப் போகிற தண்ணீர், அதில் மனுஷன் மிதப்பான் என்பது முப்பது வருஷம் உப்பளம் வைத்திருக்கிற எனக்குத் தோன்றவே இல்லை. அதில் நான் என்றைக்கு முழுகினேன், முழங்காலுக்கு மேல் போனதில்லை. பாஸ்டர் தலையை அழுத்தினால் கால் மேலே வருகிறது. காலை அழுத்தினால் தலை வருகிறது. மண்ணாங்கட்டி கரையில் குந்தி உட்கார்ந்து, "மூக்கு தெரியுது பாஸ்டர்… இப்போ மூக்கு இல்ல, முட்டி தெரியுது" என்று அறிக்கை கொடுக்கிறான். ஒரு முட்டி வெளியே இருந்தாலும் செல்லாதாம். பாட்டு ஏழாவது தரம் போய்க்கொண்டிருந்தது. பாப்பாத்தி மல்லாக்கக் கட்டிலில் படுத்த மாதிரி மிதந்துகொண்டு வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். பாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க ஒரு கை குடுங்க" என்றார்.

நான் எந்த மதத்துக்கும் மாறவில்லை, செல்லம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். வேட்டியோடு இறங்கினேன், தோளை அழுத்தினேன். பாஸ்டர் ஒரு பக்கம், மண்ணாங்கட்டி காலில், நான் தோளில். மூன்று பேராக முக்கி ஒருவழியாக முடி வரை உள்ளே போயிற்று. "ஆமென்" என்றார்கள். கண்ணெரிச்சலில் அவள் ஓடிப்போய் டேங்கர் குழாயடியில் நின்றாள், சபையும் கூடவே போய்க் கால் முகம் கழுவியது, அந்தத் தண்ணீர் அத்தனையும் தொட்டிக்கே வழிந்து வந்தது. அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. பாஸ்டரைப் பிடித்து, "இப்பவாவது சொல்லுங்க, எதுக்கு எனக்கு நன்றி?" என்றேன்.

அவர் சொன்னார்: "அந்த டிசம்பர் இருபத்தாறு, ஐயா. அன்னிக்கிதான் பாப்பாத்திக்கு மொதல்ல ஞானஸ்நானம் வெச்சிருந்தோம், கடல்ல. எட்டு மணிக்கு நாப்பது பேரும் கெளம்பறோம், நீங்க கேட்டண்ட வந்துட்டீங்க. முக்கா மணி நேரம் போச்சு. நீங்க வரலன்னா நாங்க எல்லாரும் அந்த நேரத்துக்குத் தண்ணியில நின்னுட்டிருப்போம்."

அவர் முகத்தில் கேலி இல்லை. அன்றைக்கு நான் ஏதோ நல்லது பேச வந்ததாகவே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அக்கா. அவர்கள் மைக் செட்டில் அப்போது பாட்டு அலறிக்கொண்டிருந்தது, நான் பேசியது காதில் விழுந்திருக்காது. பாப்பாத்திக்கு மட்டும் தெரியும். இப்போது உனக்கும் சொல்கிறேன். நான் போனது சண்டைக்கு. மழையில் உடைந்த கரையை அன்றே கட்டியாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்றாள் பாப்பாத்தி. அவள் வராவிட்டால் மற்ற பெண்களும் வர மாட்டார்கள், ஒருத்தியும் வரவில்லை. உப்பளத்துக் கொட்டாயில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்குக் கோபம் தலைக்கேறி, நேரே போய் மொபெட்டைக் கேட்டுக்குக் குறுக்கே போட்டு, "சோறு போடறது நானா, அந்தக் கொட்டாயா?" என்று ஆரம்பித்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. நடுவில் பாஸ்டர் டீ கொடுத்தார், அதைக் குடித்துவிட்டு மறுபடியும் திட்டினேன். "இனிமே என் உப்பளத்துல காலு வெக்காத" என்று நான் சொல்லி முடிக்கவும் ரோட்டில் ஜனங்கள் ஓடிவரவும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், நான் எழுத மாட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது என் கொட்டாய் இருந்த இடத்தில் கொட்டாய் இல்லை.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவள் நான் சொன்னபடி கேட்டு வேலைக்கு வந்திருந்தால், அவளும் இல்லை, அந்தப் பெண்கள் இல்லை, உன் தம்பியும் இல்லை. நன்றி சொல்ல வேண்டியது நான். அது தெரிந்தும் ஒன்றரை வருஷமாக அவள் எதிரே வந்தால் சைக்கிள் கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இப்போது சொல், நான் என்ன செய்வது? பேசாமல் வாங்கிக்கொண்டால் அது திருட்டு. உண்மையைச் சொன்னால் நாற்பது பேர் முன்னால் மானம் போகும், சொன்ன கையோடு அவளையும் கூப்பிட்டாக வேண்டும். நன்றி வாங்குகிறவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். போவேன், "எல்லாரும் நல்லா இருங்க" என்பேன், உட்காருவேன். உண்மையைச் சொல்ல மாட்டேன். அவளைக் கூப்பிடவும் மாட்டேன். நீயும் இதைப் படித்த கையோடு அடுப்பில் போட்டுவிடு, மாமாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டாதே.

மாமாவுக்கு நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி. மாட்டுக்கு உப்பு வேண்டுமானால் சொல்லி அனுப்பு, மூட்டை வரும். தூரத்தில் இருந்தாலும் உன் வசவுக்கு எப்போதும் தலை குனிந்து நிற்கும்,

உன் தம்பி
ராஜாங்கம்

பின்குறிப்பு: திங்கட்கிழமை. தபாலில் போட மறந்து கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. மேலே எழுதியதில் பாதி இனி உதவாது. நேற்று போனேன். உப்புக் கூடைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாப்பாத்தி மைக்கைப் பிடித்து, அன்றைக்கு நான் திட்டியதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள், டீ குடித்த இடம் உட்பட. சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. அவள் விட்ட இரண்டு வசவுகளை மண்ணாங்கட்டி எடுத்துக் கொடுக்கிறான். நாற்பது பேரும் அன்றே ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார்கள், அக்கா. அந்தத் திட்டுக்குத்தான் நன்றியாம். அதற்குத்தான் நாற்பது கை தூக்கினார்களாம். பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். "எல்லாரும் நல்லா இருங்க" என்பது மறந்துபோயிற்று. அவள் பக்கத்திலேயே நின்றாள். "நாளைக்கி வேலைக்கு வந்துடு" என்றேன், மைக்கிலேயே. "ஞாயித்துக்கெழம வர மாட்டேன் மொதலாளி" என்றாள், அதுவும் மைக்கிலேயே. சரி என்றேன். ஓட்டு எடுக்காமலே நாற்பது கையும் தூக்கினார்கள்.

இன்று காலை ஐந்தரைக்கே வந்துவிட்டாள். பெரிய தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "அரை டேங்கர் நல்ல தண்ணிய இதுல வுட்டது எந்தப் புண்ணியவான்? தண்ணி எளசாயிடுச்சு, பத்து நாளு வேல போச்சு" என்று திட்ட ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் திட்டினாள். மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டேன்.