சகலன் வென்ற மர்மமும் என் இருபத்துமூன்று ஸ்லைட்டுகளும்

படித்தவன் என்ற பெயர் இருக்கிறதே, அது வெள்ளைச் சேட் மாதிரி. போட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்ய ஏலாது. சும்மா இருந்தாலும் ஊத்தை பிடிக்கும். மனைவி வீட்டில் எனக்கு இருந்தது அந்த ஒரு சேட்தான்.

அந்த வீட்டுக்கு இரண்டு மருமக்கள். மூத்தவள் மாலினியைக் கட்டிய நான் ‘படிச்ச மருமகன்’. இளையவள் சுகியைக் கட்டிய ரஜீவன், மிச்சம் எல்லாம். மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது அவர், காஸ் சிலிண்டர் தூக்குவது அவர், பாமன்கடையில் மாமி வீட்டுத் தண்ணித் தாங்கி ஒழுகினால் கூரையில் ஏறுவதும் அவர்தான். நான் கீழே நின்று, ஏன் ஒழுகுகிறது என்று விளக்குவேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. ஆளுக்கொரு பதவி.

இந்த நேரம் பார்த்து, ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பிரபு (மாலினிக்கும் சுகிக்கும் ஒரே தம்பி) குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவித்தல் போட்டான். குடும்பம் சிதறிப்போச்சாம், எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு விளையாட்டு விளையாட வேணுமாம். “கிரிக்கெட் வேண்டாம். கிரிக்கெட் எண்டா எல்லாருக்கும் வாய் இருக்கு, சண்டை வரும். பேஸ்போல் விளையாடுவம். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது, எல்லாரும் சமன்.”

விளையாட்டு இதுதான். அமெரிக்காவில் உண்மையாகவே விளையாடுகிற பேஸ்போல்காரர்களில் ஒன்பது பேரைக் கிழமைக்குக் கிழமை நாங்கள் தெரிவுசெய்ய வேண்டும். அவர்கள் அங்கே அடித்தால் எங்களுக்கு இங்கே புள்ளி. திங்கள் பின்னேரத்துக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். மொத்தம் எட்டுப் பேர். ரொறன்ரோவில் நாலு, லண்டனில் இரண்டு, கொழும்பில் நானும் ரஜீவனும்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், பழைய புள்ளிவிபரத்தைப் பார்த்து இனி என்ன நடக்கும் என்று சொல்வதுதான் என் உத்தியோகமே. ரஜீவனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை. “அண்ணை, அந்தக் கட்டையை ஏன் உலக்கை மாதிரிச் செய்து வச்சிருக்கிறாங்கள்?” என்று கேட்ட மனுசன். பாவம், கடைசியாக வந்து மனம் உடையப் போகிறாரே என்று கவலைப்பட்டேன். (என்ன பெரிய மனசு எனக்கு!)

முதல் வருசம் ரஜீவன் சம்பியன். நான் ஏழாவது. எட்டாவதாக வந்தவ லண்டன் பெரியம்மா. அவ இரண்டாம் மாதமே பாஸ்வேர்ட்டை மறந்தவ.

அதிர்ஷ்டம் என்றேன். அடுத்த வருசமும் அவரேதான். காலநிலை என்றேன். மூன்றாம் வருசம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கவே அவரை இனி ஒருவரும் பிடிக்க ஏலாது என்றாகிவிட்டது. அன்றைக்கு மாமி எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருந்தா. தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னா, “ரஜீவன் தம்பிக்கு மூளையும் இருக்குது என்ன!”

கூரையில் ஏறுகிறவருக்கு மூளையும் இருக்கென்றால், பிறகு அந்தக் குடும்பத்துக்கு நான் எதற்கு? அன்றைக்கே முடிவெடுத்தேன். ரஜீவன் எப்படி வெல்கிறார் என்று கண்டுபிடித்து, ஊரறியச் சொல்லி, என் பதவியைத் திருப்பி எடுப்பது.

என் முறையில் பிழை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிறு மத்தியானம் சோற்றைக் குழைத்துக்கொண்டே மனதில் படுவதை மாலினிக்குச் சொல்லுவேன். அந்த விளையாட்டுக்காரரின் பெயர்கள் என் வாய்க்குள் நுழையாததால் நானே பட்டம் வைத்திருந்தேன். “இந்தக் கிழமை மொட்டையைப் போடோணும். தாடிக்காரனை வெளியில எடுக்கோணும், அவனுக்குத் தோள் சரியில்லை.” அவள் “ம்” என்று சொல்லிக் குழம்பை விடுவாள். ஆனால் அதெல்லாம் வாய்க்கு வந்த கதை. உண்மையான ஆராய்ச்சி பின்னேரம்தான் தொடங்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மைதானத்தின் மதில் எத்தனை அடி, மொட்டை வெள்ளிக்கிழமைகளில் எப்படி அடிக்கிறான். திங்கள் பின்னேரம் மொட்டையைத் தூக்கிவிட்டு, விஞ்ஞானபூர்வமாக வேறு ஒருவனைப் போடுவேன். அந்த வேறு ஒருவன் அந்தக் கிழமை பூராவும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

உளவு பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சாட்டு வேண்டுமே, பைப் வோஷர் வாங்க வந்தேன் என்றேன். ஒரு மாதத்தில் மூன்று தரம். (எங்கள் வீட்டில் இருப்பதே நாலு பைப்.) ரஜீவன் ஒவ்வொரு முறையும் ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டு, பிளேன்ரீ எடுப்பித்து, “அண்ணை, நான் வந்து பூட்டித் தரட்டோ?” என்று கேட்டார். போனைத் தொட்டதை மட்டும் நான் காணவில்லை. ஒரு திங்கட்கிழமை மாத்திரம், “அய்யே, அரை அங்குல எல்போ தியெனவத?” என்று, எல்போ இருக்கிறதா எனச் சிங்களத்தில் கேட்டு வந்தவருக்குச் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு நிமிசம் போனைத் தட்டினார். “இந்தக் கிழமை மொட்டை இருக்கிறான் அண்ணை, பாப்பம்” என்று சிரித்தார்.

மொட்டை! அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மொட்டையை மொட்டை என்றுதானே உலகத்தில் எவரும் சொல்லுவார்கள் என்று விட்டுவிட்டேன். நான் கண்டுபிடித்தது வேறு. இரண்டு நிமிசத்தில் ஒருவர் வெல்கிறார் என்றால் அவருக்கு ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லாமல் வெல்வதென்றால் அளாப்ப வேண்டும், அதாவது களவாக விளையாட வேண்டும். அளாப்புவதென்றால் உள்ளே ஆள் வேண்டும். போட்டியை நடத்துகிற பிரபுதான் அந்த ஆள். இதைப் படம், அட்டவணை, அம்புக்குறி எல்லாம் போட்டு இருபத்துமூன்று ஸ்லைட்டாகச் செய்தேன். பார்க்க வந்த மாலினியையும் தள்ளிவிட்டேன். “நீ பாத்தா சுகிக்குச் சொல்லிப்போடுவாய். உங்கள் ரெண்டு பேரின்ர வாயிலயும் ஒண்டும் நிக்காது.”

மாமியின் எழுபதாவது பிறந்தநாள் ஒரு ஞாயிறு பின்னேரம், பாமன்கடை வீட்டில். ரொறன்ரோவும் லண்டனும் ரீவியில் வீடியோக் கோலில் நின்றார்கள். மாமியின் பழைய படங்களைத் தொகுத்துக் காட்டும் பொறுப்பு என்னுடையது (படிச்ச மருமகன் அல்லவா). குழந்தைப் படம், பள்ளிக்கூடப் படம், கலியாணப் படம். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கடைசிப் படத்துக்கு அடுத்ததாகத் திரையில் வந்தது: ‘ரஜீவன் வெல்வது எப்படி? ஓர் ஆய்வு.’

ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்துவிட்டார்கள். ஆறாவது ஸ்லைட்டில் சிரிப்பு நின்றது. மாலினி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தேன். கேக்குக்கு மெழுகுதிரி ஏற்ற நின்ற சுகி, நெருப்புப்பெட்டியோடு அப்படியே நின்றாள். பத்தொன்பதாவதில் பிரபுவின் படத்திலிருந்து ரஜீவனின் படத்துக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி பறந்தது. அதற்கு நான் சத்தமும் போட்டிருந்தேன்.

“அத்தான், என்னைக் கள்ளன் எண்டுறீங்களோ?” என்று ரொறன்ரோவிலிருந்து பிரபு கத்தினான். “நான் அம்மாவைப் பாக்கக் காலமை வெள்ளன எழும்பி இருக்கிறன்!”

நான் ரஜீவனைப் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் செய்யாத பிழைக்கு எழும்பி நிற்கச் சொன்ன பிள்ளையைப் போல எழும்பி நின்றார்.

“அண்ணை, நீங்கள்தானே சொல்லி விடுறனீங்கள்?”

“நானோ? என்னத்தை?”

“ஒவ்வொரு கிழமையும் ஆரைப் போடுறது, ஆரை எடுக்கிறது எண்டு. அக்கா திங்கக்கிழமை காலமை சுகிக்குச் சொல்லுவா, சுகி எனக்கு எழுதித் தருவா. உந்த விளையாட்டு எனக்கு ஒரு சொட்டும் விளங்காது அண்ணை. படிச்ச மனுசன், அவர் செய்யிறதை நாங்களும் செய்வம் எண்டுதான் மூண்டு வருசமாச் செய்யிறன். சகலன் எண்டா இப்பிடி இருக்கோணும் எண்டு கடைக்கு வாறவைக்கெல்லாம் சொல்லுறனான்.”

ரீவிக்குள் லண்டன் பெரியம்மா மட்டும், “என்னவாம்? என்னவாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ஒருமுறைதான் கத்தும். நான் மூன்று வருசம், ஞாயிறு தவறாமல் கத்தியிருக்கிறேன். என்றாலும் தரவு ஆய்வாளனுக்குத் தரவுதானே முக்கியம், கேட்டேன். “அப்ப நான் ஏன் ஏழாவது?”

மாலினிதான் பதில் சொன்னாள். அவள் குரலில் எரிச்சல்கூட இல்லை, அலுப்புத்தான். “நீங்கள் சோறு தின்னேக்க சொல்லுறது எல்லாம் சரிதான். கை கழுவிப்போட்டு யோசிக்கத் தொடங்குவீங்கள் பாருங்கோ, அதுக்குப் பிறகுதான் பிழைக்கிறது.”

“கலியாணம் பேசேக்கையும் உப்பிடித்தான்,” என்றா மாமி. “பொம்பிளை பாத்த அண்டைக்கே ஓம் எண்டவர். பிறகு ரெண்டு மாசம் யோசிச்சவர்.”

ரொறன்ரோ சிரித்தது. லண்டன், விசயம் விளங்காமலே சிரித்தது. ரஜீவன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் நான் படித்தவன் என்று மனதார நம்பிய ஒரே ஒரு மனுசன் அவர்தான். அவரைத்தான் நான் அம்புக்குறி போட்டுக் கள்ளனாக்கியிருந்தேன். கேக்கை வெட்டியதும் என் துண்டைக்கூடத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் போய் மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கப் போனேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போது மனதில் ஒரு வசனம்தான் இருந்தது. கொள்ளுப்பிட்டி தாண்ட அதற்கு முன்னால் ஒரு முன்னுரை வந்தது. கோட்டையில் இறங்கி மற்ற பஸ் ஏற, சில காரணங்கள் வந்தன. கடை வாசலில் போய் நிற்கும்போது வாயிலிருந்து வந்தது இதுதான்: “ரஜீவன், அதாவது, அண்டைக்கு எனக்குக் கிடைச்ச தகவல்களை மட்டும் வச்சுப் பாத்தா, அப்பிடி ஒரு முடிவுக்கு வாறது ஒருவிதத்தில நியாயம்…”

அவர் பெயின்ற் பிடித்த கையைத் துணியில் துடைத்தபடி முழுக்கக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கேட்டார், “அண்ணை, பஸ் ஏறேக்க என்ன சொல்ல நினைச்சனீங்கள்?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு.”

“அதைச் சொல்லுங்கோவன்.”

சொன்னேன். ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டார்.

உள்ளே நின்ற சுகி இதைக் கேட்டிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முன்னமே மாலினிக்குத் தெரிந்திருந்தது, அன்றைக்கே ரொறன்ரோவுக்கும். அதிலிருந்து எனக்கு விமோசனம் இல்லை. மீன் வாங்கப் போய்ப் பாரையா விளைமீனா என்று நின்றால், “பஸ் ஏறேக்க என்ன நினைச்சனீங்கள்?” டொக்டரிடம் வருத்தத்தை விபரிக்கத் தொடங்கினால், பக்கத்திலிருந்து மாலினி, “பஸ் ஏறேக்க எங்க நொந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ.” என் மகள், பன்னிரண்டு வயது, கட்டுரைப் போட்டிக்கு நான் புத்தி சொல்ல வாயைத் திறந்தாலே கையைக் காட்டி மறிக்கிறாள். “அப்பா, பஸ்!”

இந்த வருசம் விளையாட்டுத் தொடங்கியபோது மாலினி சுகிக்கு ஒன்றும் சொல்லவில்லை. “திரும்பவும் ஒரு அம்புக்குறி வந்தா ஆர் பதில் சொல்லுறது?” என்றாள். ரஜீவன் தானாக ஆட்களைப் போட்டார். முதல் மாதம் முடிய அவர் எட்டாவது, நான் ஏழாவது. மூன்று வருசமாக நான் கேட்ட வரம் அதுதான். கிடைத்தபோது ஒரு சதத்துக்கும் சந்தோசம் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் மேசையில் நான் சொல்வது வெள்ளவத்தையைத் தாண்டிப் போவதில்லை என்று நினைக்க, சோறும் ருசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலமை நானே கோல் எடுத்தேன். “ரஜீவன், இந்தக் கிழமை மொட்டையைப் போடுங்கோ.”

“இது எப்ப யோசிச்சது அண்ணை?”

“நேற்று. சோறு தின்னேக்க.”

“அப்ப போடுறன்.”

அந்தக் கிழமை மொட்டை அடித்த அடியில் ரஜீவன் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தார். எனக்கு ஒரு புள்ளியும் கூடவில்லை. போனை வைத்தபிறகு கொஞ்சம் யோசித்துப் பார்த்து, திங்கள் பின்னேரம் என் ஒன்பது பேரிலிருந்து மொட்டையை எடுத்துவிட்டிருந்தேன்.